ரைட்டரம்மா ரத்தத்தை நிறுத்தக் கற்ற கதை

பொம்மையைக் கொன்ற நாள்

என்னுடைய முதல் நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. நான்கே நிமிடத்தில் அது என் கையில் செத்துப்போனது. நாற்பது போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பயிற்சி நடந்தது. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் போலீஸ்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அடிபட்டவரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு நாள் வகுப்பு. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அதில் பதினெட்டு வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவள். ரைட்டர் என்றால் எஃப்.ஐ.ஆர். முதல் அத்தனையையும் எழுதுகிறவர். இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், போவார்கள், ரைட்டர் நாற்காலியை விட்டு அசையமாட்டார். என் பெயர் ஸ்டெல்லா மேரி என்பதே பலருக்குத் தெரியாது, எல்லோருக்கும் நான் ரைட்டரம்மாதான். சிறப்பு எஸ்.ஐ. ஆனபிறகு என்னை நெடுஞ்சாலை ரோந்து வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு அப்போதும் தீரவில்லை.

பயிற்சிக்கு நான் விரும்பிப் போகவில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா கூப்பிட்டு, "பந்தோபஸ்துக்கு ஆள் பத்தல மேடம். பசங்கள அனுப்ப முடியாது. நீங்களும் தனசேகரும் போய் எண்ணிக்கைக்கு ரெண்டு நாள் உக்காந்துட்டு வந்துருங்க" என்றார். தனசேகர் என் வண்டி ஓட்டுகிற காவலர். குன்றத்தூர்க்காரர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. சாப்பாடு மண்டபத்துச் சாப்பாடு என்று கேள்விப்பட்டதும் அவர் உடனே சம்மதித்துவிட்டார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் அவசர வார்டு நர்ஸ். ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் பிரதர் என்பார்கள். இவர் பிரதர் நவீன். முப்பது வயதுகூட இருக்காது, ஒல்லி. மணமக்கள் உட்காரும் மேடையில் பொம்மையைப் படுக்கவைத்து, தொடையிலிருந்து ஒரு குழாயை இழுத்து, சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சவிட்டார். சீனியர் யாராவது வாருங்கள் என்றார். நாற்பது விரல்களும் என்னைக் காட்டின.

மேடை ஏறினேன். பொம்மை பக்கத்தில் மண்டியிட்டேன். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன், பேனா மூடியைக் கழற்றினேன், "பேரு? தகப்பனார் பேரு? எந்த ஊரு?" என்று கேட்டேன்.

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக அடிபட்டவன், அடித்தவன், ஆடு காணாமல் போனவன் என்று யார் முன்னால் வந்தாலும் நான் முதலில் செய்தது அதுதான். நான் பொம்மையின் பதிலுக்குக் காத்திருந்தேன். பிரதர் சாயத்தைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். கம்பளம் நனைந்து என் முழங்காலுக்கு வந்தபிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேஷன்ட் போயிட்டாரு மேடம். ரெக்கார்டு மட்டும் பக்கா."

மண்டபம் அதிர்ந்தது. தனசேகர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மெச்சப்பட்ட ஒரு வழக்கு

டீ இடைவேளையில் பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்த் தனியாக நின்றேன். வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிரதர் நவீன் தேடிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அது வரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

அதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு பகல் வேளையில், கம்பெனி செக்யூரிட்டி ஒருவர் டூட்டி முடிந்து சைக்கிளில் போகும்போது வேன் இடித்துவிட்டது. ஸ்டேஷனில் வேறு ஆள் இல்லாததால் ரைட்டர் நானே போக வேண்டியிருந்தது. முழங்கைக்கு மேலே கை கிழிந்திருந்தது. ஆள் நல்ல நினைவோடு இருந்தார். நான் ஒரு துண்டை வாங்கி அந்தக் கையைச் சுற்றி மூடினேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ரத்தம் கண்ணுக்குத் தெரியாததால் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நோட்டை எடுத்துப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கம்பெனி, வண்டி வந்த திசை எல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. துண்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் குளமாக இருந்தது.

அந்த வழக்கை நான் எழுதியிருந்த விதத்தைக் கோர்ட்டில் மெச்சினார்கள். தீர்ப்பு வந்தபிறகு அவருடைய மனைவி ஸ்டேஷனுக்கு வந்தார். நஷ்டஈடு பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கடைசியா அவர்கூட நீங்கதான் இருந்தீங்கன்னு சொன்னாங்கம்மா. இன்னா பேசினாரு?"

"பேரு, அப்பா பேரு, ஊரு சொன்னாரும்மா."

"வேற ஒண்ணும் பேசலியா?"

நான் வேறொன்றும் கேட்கவில்லையே.  அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

பிரதர் டீயைக் கீழே வைத்தார். "நீங்க கேட்ட கேள்வி தப்பே இல்ல மேடம். வார்டுல நாங்களும் அதைத்தான் கேக்கறோம். பதில் தெளிவா வந்தா மூளைக்கு ரத்தம் போகுது. பதில் குழம்புனா ரத்தம் எங்கயோ போய்க்கிட்டு இருக்கு. வாய் கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நோட்டு மட்டும் வேணாம். கை ரெண்டும் காயத்துல இருக்கணும்" என்றார்.

நான் கிளம்பவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

காயத்தில் முழு பலத்தோடு அழுத்தக் கற்றுக்கொண்டோம். அந்த வேலையில் தனசேகரை மிஞ்ச ஆளில்லை. அழுத்தியும் நிற்காத ரத்தத்துக்கு, காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, அகலமான பட்டையைக் கட்டி, அதில் ஒரு கம்பியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். பிரதர் அதை டூர்னிகே என்றார். மதியத்துக்குள் நாங்கள் அதை முறுக்குக் கட்டு ஆக்கிவிட்டோம். நான் என் பேனாவைச் செருகி முறுக்கினேன், அது உடைந்து கையெல்லாம் மை ஆனது. ஸ்பேனர் போல உறுதியான எதுவானாலும் சரி, பேனா மட்டும் வேண்டாம் என்றார். கட்டிய நேரத்தை அடிபட்டவரின் நெற்றியிலேயே எழுதிவிட வேண்டும். எத்தனை நேரமாக ரத்தம் தடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் டாக்டர் காலை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

நான் மல்லுக்கட்டியது ஒரே விஷயத்துக்குத்தான். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்றார். சாகக் கிடக்கிறவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் இருக்க நாம் என்ன ராட்சசர்களா என்று எழுந்து நின்று கேட்டேன். நினைவு தப்பும்போது குடித்தது மூச்சுக்குழாயில் இறங்கும், ஆபரேஷன் டேபிளிலும் ஆபத்து, உதட்டை வேண்டுமானால் நனையுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

மாலைத் தேர்வில் பொம்மை பிழைத்துக்கொண்டது. மண்டபம் கைதட்டியது. தனசேகரும் தட்டினார்.

வண்டிக்குத் தருவதாகச் சொன்ன முதலுதவிப் பை வரக் காணோம். நான் காத்திருக்கவில்லை. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்தேன். தனசேகர் ஒரு ரிங் ஸ்பேனர் கொண்டுவந்தார். ஒரு மார்க்கரையும் சேர்த்து என் பழைய சாப்பாட்டுப் பையில் போட்டு வண்டியில் மாட்டினோம். ஸ்டேஷனில் அதற்கு ரைட்டரம்மா ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள்.

இரண்டு ஐம்பத்திரண்டு

மூன்று மாதம் கழித்து அந்தப் பையைத் திறக்க வேண்டி வந்தது.

மதிய ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரகடம் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாக உள்ளே போகும், மறுபக்கம் வரிசையாக வெளியே வரும், நடுவில் ட்ரெய்லர்கள். நாங்கள் கூட்டு ரோட்டில் நின்றிருந்தோம். வண்டியின் வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணின் காலில் திரும்புகிற ட்ரெய்லரின் பின்சக்கரம் ஏறிவிட்டது. மூன்று நிமிடத்தில் போய்விட்டோம்.

அவள் சாலையோரத்தில் சாம்பல் நிறக் கம்பெனி கோட்டோடு மல்லாந்து கிடந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே கால் நசுங்கியிருந்தது. கூட வந்த பெண்கள் தங்கள் ஐ.டி. கார்டுப் பட்டையைக் கழற்றி அந்தக் காலில் கட்டியிருந்தார்கள். நல்ல மனதோடுதான் கட்டியிருந்தார்கள், ஆனால் விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பட்டை எதையும் நிறுத்தவில்லை. ரத்தம் துடிப்புத் துடிப்பாக வந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை சட்டைப் பைக்குத்தான் போனது. நோட்டின் முனையைத் தொட்டும்விட்டேன். அந்தக் கையை நானே பார்த்தேன், வெட்கமாக இருந்தது. நோட்டை உருவி, அழுதுகொண்டிருந்த ஒரு தோழியின் கையில் பேனாவோடு கொடுத்து, இவள் சொல்வதையெல்லாம் மணி போட்டு எழுது என்றேன். என் நோட்டை அது வரை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

தனசேகர் அதற்குள் இரண்டு கையையும் காயத்தில் வைத்து முழு உடம்பையும் இறக்கிவிட்டார். அப்படியும் விரலிடுக்கில் வழிந்தது. நான் முழங்காலுக்கு மேலே தொடையில் புடவைப் பட்டையைக் கட்டி, ஸ்பேனரைச் செருகி முறுக்கினேன். அவள் போட்ட அலறலில் கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. இரண்டாவது முறுக்கில் குறைந்தது. மூன்றாவதில் நின்றது.

"நின்னுடுச்சுமா" என்றார் தனசேகர். 

ஸ்பேனர் நகராமல் கட்டிவிட்டு, அவள் நெற்றியில் 2.52 என்று எழுதினேன். தனசேகர் ஆம்புலன்ஸை அவசரப்படுத்தவும் ட்ரெய்லரை ஓரங்கட்டவும் போனார். பிறகு கேட்க ஆரம்பித்தேன். முத்துலட்சுமி. தகப்பனார் பெயர் பரமசிவன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நாலு பெண்கள் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறார்கள். அத்தனையும் தெளிவாக வந்தது. தோழிகள் தங்கள் கோட்டுகளைக் கழற்றிக் குளிராமல் போர்த்தினார்கள்.

பிறகு அவள் தண்ணீர் கேட்டாள்.

"ஒரு வாயி தண்ணி தாங்கம்மா. நெஞ்செல்லாம் காயுது."

நான் கைக்குட்டையை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எதிர் டீக்கடைக்காரர் பாட்டிலோடு ஓடிவந்து குனிந்தார். நான் அவர் கையைத் தடுத்தேன். "இன்னாம்மா நீ? பொண்ணு உயிருக்குப் போராடிக்கினு கீது, ஒரு வாய் தண்ணி குடுக்க வுடமாட்டேன்ற. போலீசுன்னா மனசே கெடையாதா?" என்றார். கூட்டம் அவர் பக்கம் நின்றது. ஏழெட்டு போன்கள் என் முகத்துக்கு நேராக வந்தன. இவள் செத்தால் அந்த வீடியோ ஒன்று போதும், பென்ஷன் வாங்கும்வரை நான் தலைநிமிர முடியாது. அதைவிட, அந்த செக்யூரிட்டி என் கையால் தண்ணீர் குடித்தது கண்முன்னால் வந்தது. கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கொடுக்கவில்லை.

"அண்ணே, தண்ணி குடுத்தா இவ பொழைக்கமாட்டா. ஆம்புலன்ஸ் வந்தா பொழைப்பா. பஸ் எல்லாத்தையும் ஓரங்கட்டி வழி பண்ணிக் குடுங்க" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை வீசிக்கொண்டே பஸ்களை நோக்கி ஓடினார். அவர் தொண்டைக்கு எங்கள் சைரன் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

நான் கேட்பதை நிறுத்தவில்லை. கேன்டீனில் என்ன சாப்பாடு என்றேன். லெமன் சாதம், உப்பே இல்லை என்றாள். தங்கை இருக்கிறாளா என்றேன். இருக்கிறாள், இவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கொடுப்பதே இல்லை என்றாள். மூன்றாவது முறையாகத் தகப்பனார் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதான் சொன்னம்லா. எத்தன தடவதான் கேப்பிய?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு மறுபடி கேட்டேன். கோபம் வரவில்லை. "அப்பா பேரு... முத்துலட்சுமி" என்றாள்.  பதில் குழம்பினால் ரத்தம் எங்கேயோ போகிறது என்று பிரதர் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. காலின் மேல் கோட்டுகள் போர்த்தியிருந்தன. மேலே ஒரு பொட்டு ரத்தம் இல்லை. அந்த செக்யூரிட்டி கையில் சுற்றிய துண்டும் அன்றைக்கு மேலே சுத்தமாகத்தான் இருந்தது.

கோட்டுகளை இழுத்து எறிந்தேன். வலியில் அவள் தொடையை அசைத்ததில் ஸ்பேனர் முடிச்சிலிருந்து நழுவிப் பாதி முறுக்கு அவிழ்ந்திருந்தது. அடியில் புதுரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, நின்றுபோகும்வரை முறுக்கினேன். இந்த முறை கட்டவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டேன். முத்துலட்சுமி, கண்ணைத் திற, லெமன் சாதத்தில் வேறு என்ன இல்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். ஜெபம்கூடச் சொல்ல மறந்துவிட்டேன்.

டீக்கடைக்காரர் ஒதுக்கி வைத்த பஸ்களுக்கு நடுவில் நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியில் வந்தவர் நெற்றியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அப்படியே விடாமல் ஏறுங்கள் என்றார். ஸ்பேனரைப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரை போனேன். கூடவே ஏறிய தோழி எழுதிய பக்கத்தைக் கிழித்து டாக்டரிடம் கொடுத்தேன்.

விளக்கம் கேட்டார்கள்

வீடியோ எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. தண்ணீர் தராத போலீஸ்காரி என்று தலைப்பு. மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஐயா எழுத்தில் விளக்கம் கேட்டார். மேலிடத்தில் திட்டு வாங்கியிருப்பார் போலிருக்கிறது, முகம் இறுகியிருந்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவர்களுக்கு விளக்கம் எழுதிக்கொடுத்தவள் நான். எனக்காக எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாமல் என்ன விளக்கம் எழுதுவது?

மதியத்துக்கு மேல் ஐயாவின் போன் அடித்தது. ஆபரேஷன் செய்த டாக்டர். ஐயா எழுந்து நின்றுகொண்டு பேசினார், பிறகு ஸ்பீக்கரில் போட்டார். ரத்தக்குழாயைச் சேர்த்தாயிற்று, கால் தங்கும் என்றார் டாக்டர். நெற்றியில் மணி இருந்ததால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை, மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு அவள் சொன்ன பதில் குழம்பியது என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் வந்த உடனே ரத்தம் ஏற்றினோம் என்றார். தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் உடனே மயக்க மருந்து கொடுக்க முடிந்தது, அது யார் என்று கேட்டார்.

ஐயா என்னைப் பார்த்தார். விளக்கத்துக்கு வைத்திருந்த வெள்ளைத் தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டார்.

"அடுத்த பயிற்சிக்கு எத்தன பேர அனுப்பலாம் மேடம்?"

"எல்லாரையும் அனுப்புங்க ஐயா. எண்ணிக்கைக்கு வேணாம்."

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் சங்கரன்கோவிலிலிருந்து வந்த அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம்மவ அங்ஙன கெடக்கையில என்னம்மா பேசுனா?" என்று கேட்டார். உட்காருங்கள், நிறைய இருக்கிறது என்றேன். லெமன் சாதம், உப்பு, தங்கை, செருப்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், சீருடையில் இருந்தேன் என்றாலும் அழுதேன்.

மறுபடியும் அதே மேடை

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பயிற்சி நடக்கும்போதெல்லாம் பிரதர் நவீன் கூப்பிடுவார், போவேன். வண்டிகளுக்குப் பைகள் வந்துவிட்டன, நல்ல பைகள். டீக்கடைக்காரர் மட்டும் கல்லா பக்கத்தில் ஒரு ஸ்பேனரும் பட்டையும் மாட்டி வைத்திருக்கிறார். யாராவது அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனால் அவர் திட்டுகிற திட்டைக் காதால் கேட்க முடியாது.

சென்ற வகுப்பில் பொம்மைக்குப் பதிலாக முத்துலட்சுமியை வரவழைத்திருந்தேன். லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் இரண்டு காலில் நடக்கிறாள். மறுபடி கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்க்கிறாள். யார் கையையும் பிடிக்காமல் மேடைப்படி ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அறுபது காக்கிச் சட்டைகள். பின்வரிசையில் தனசேகர். இவள் யார் என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. பேரு, தகப்பனார் பேரு, ஊரு என்று கேட்டேன். சொன்னாள். மறுபடி கேட்டேன். சொன்னாள். மூன்றாவது முறை கேட்டேன்.

"எத்தன தடவதான் கேப்பிய?" என்றாள்.

மண்டபம் சிரித்தது. தனசேகர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியபிறகு அவளை எழுந்து நடக்கச் சொல்லி, அவள் யார் என்று சொன்னேன். அப்புறம் வகுப்பை ஆரம்பித்தேன்.

இதைப் படிக்கிற புதுக் காவலர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கை காயத்தை விட்டு வரக்கூடாது. மூடி வைத்ததைத் திறந்து திறந்து பாருங்கள். பெயரைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள், தங்கையைக் கேளுங்கள். அடிபட்டவருக்குக் கோபம் வரும்வரை கேளுங்கள். கோபம் நின்றால் பயப்படுங்கள். எஃப்.ஐ.ஆரைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம், அவரே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து எல்லாவற்றையும் சொல்வார்.